வாசகர் கேள்வி பதில்: பழைய கெர்னலை எப்போது விடலாம்?

சென்ற இதழில் பேக்கேஜ் மேனேஜர்களைப் பற்றி எழுதிய பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: கெர்னல் அப்டேட், அதாவது லினக்ஸின் மையப் பகுதியைப் புதுப்பிப்பது. மற்ற பேக்கேஜ்களை யோசிக்காமல் அப்டேட் செய்கிறவர்கள்கூட இங்கே வந்ததும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். எனவே இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று கீழே வருபவை எல்லாம் லினக்ஸின் வகைகள்.

கேள்வி: உபுண்டுவில் 'ஆப்ட் அப்கிரேட்' போட்டேன். புது கெர்னல் இறங்கியது, பிழை எதுவும் வரவில்லை. ஆனால் 'யூநேம் -ஆர்' அடித்தால் பழைய எண்ணே காட்டுகிறது. அப்டேட் ஆனதா, இல்லையா?

பதில்: பாதி ஆகியிருக்கிறது. வட்டில் புதியது உட்கார்ந்துவிட்டது. நினைவகத்தில் ஓடுவது இன்னும் பழையது.

பிரவுசரை அப்டேட் செய்தால் மூடித் திறந்தால் போதும். கெர்னலை அப்படி மூடித் திறக்க முடியாது, மற்ற எல்லாமே அதன் மேல்தான் ஓடுகின்றன. எனவே பேக்கேஜ் மேனேஜர் (உபுண்டுவில் ஆப்ட்) தன்னால் முடிந்தவரை செய்து வைக்கிறது. புது கெர்னல் கோப்பை /பூட்டில் வைக்கிறது. அதற்கான மாட்யூல்களை (டிரைவர் போன்ற துணைத் துண்டுகளை) /லிப்/மாட்யூல்ஸ் கீழே தனி ஃபோல்டரில் போடுகிறது. துவக்கத்துக்கு வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைத் தயாரித்து, எந்த கெர்னலில் துவங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் ஒரு வரி சேர்க்கிறது. மிச்சம் நீங்கள் ரீபூட் செய்யும்போதுதான் நடக்கும்.

உபுண்டு இதை உங்களுக்கு ஒரு கோப்பு மூலம் சொல்லியும் வைக்கும். /வார்/ரன் உள்ளே 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்று ஒரு கோப்பு முளைத்திருந்தால் ரீபூட் பாக்கி என்று அர்த்தம். பக்கத்திலேயே '.பிகேஜிஎஸ்' என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கும். எந்தப் பேக்கேஜ் அதைக் கேட்கிறது என்பது அதில் தெரியும். ஃபெடோராக்காரர்கள் 'டிஎன்எஃப் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங்' போட்டுப் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். மடிக்கணினியின் மூடியைச் சாத்தி வைப்பது ரீபூட் ஆகாது. சஸ்பெண்டிலிருந்து எழுந்து வருவது அதே பழைய கெர்னல்தான். பாதுகாப்புத் திருத்தம் இறங்கிவிட்டது என்ற நிம்மதியில் வாரக்கணக்கில் மூடித் திறந்தே காலம் தள்ளுகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. ஓட்டை அப்படியே திறந்துதான் கிடக்கிறது.

ரீபூட் இல்லாமல் ஓடும் கெர்னலையே ஒட்டுப் போடும் லைவ்பேட்ச் வசதி 2015-இல் வந்த 4.0 கெர்னலிலிருந்து இருக்கிறது. நிறுத்தவே முடியாத சர்வர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அது குறிப்பிட்ட சில ஃபங்ஷன்களை மட்டும் மாற்றி வைக்கும்; கெர்னலையே மாற்றாது. அங்கேயும் என்றைக்காவது ரீபூட் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: 'ஆப்ட்-கெட் அப்கிரேட்' போடும்போதெல்லாம் லினக்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் என்று சில பேக்கேஜ்கள் 'கெப்ட் பேக்' என்று நின்றுவிடுகின்றன. ஏதாவது கெட்டுப் போயிருக்கிறதா?

பதில்: எதுவும் கெடவில்லை. உபுண்டுவும் சேர்ந்த டெபியன் குடும்பத்தில் கெர்னல் பேக்கேஜின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. அதனால் புது கெர்னல் என்பது பழைய பேக்கேஜின் அடுத்த பதிப்பாக வராது, புதுப் பெயரில் புதுப் பேக்கேஜாக வரும். லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் என்பது உள்ளே ஒன்றுமில்லாத மெட்டா பேக்கேஜ். 'இன்றைக்கு எது புதியதோ அதைக் கொண்டு வா' என்று கைகாட்டுவது மட்டுமே அதன் வேலை.

பழைய 'ஆப்ட்-கெட் அப்கிரேட்'டுக்கு ஒரு கண்டிப்பு உண்டு: இதுவரை இல்லாத பேக்கேஜ் எதையும் அது நிறுவாது. கைகாட்டி சொல்வதோ புதுப் பேக்கேஜ். அதனால்தான் நிற்கிறது. 'கெட்' இல்லாமல் வெறும் 'ஆப்ட் அப்கிரேட்' போடுங்கள், அது புதியதை நிறுவும். அதிலும் நின்றால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' அடித்து, யாராவது எப்போதோ ஹோல்ட் (இதை அப்டேட் செய்யாதே என்ற தடை) போட்டு மறந்துவிட்டார்களா என்று பாருங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. இடம் சேமிக்கிறேன் என்று சிலர் அந்த மெட்டா பேக்கேஜையே நீக்கிவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு புது கெர்னல் வரவே வராது. எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது என்பதால் கண்டுபிடிக்கவும் நாளாகும்.

கேள்வி: வணக்கம் சார். என் மடிக்கணினியில் உபுண்டு, முழு வட்டும் என்கிரிப்ட் செய்யப்பட்டது. அப்டேட் போட்டால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று நிற்கிறது. வட்டில் 200 ஜிபி காலியாக இருக்கிறது! 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' போட்டாலும் அதே பிழை. /பூட்டுக்குள் போய்ப் பழைய கோப்புகளை 'ஆர்எம்' போட்டு அழித்துவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன், முதலில் இடம் எங்கே போனது என்று பார்த்துவிடுவோம்.

முழு வட்டு என்கிரிப்ஷனோடு நிறுவும்போது /பூட் மட்டும் தனிப் பார்ட்டிஷனாக வெளியே நிற்கும். பாஸ்வேர்டு கேட்கும் நிலைக்கு வருவதற்கே கெர்னல் வேண்டுமே, அதனால். அதன் அளவு நிறுவிய அன்றே முடிவாகிவிட்டது. பழைய நிறுவல்களில் ஒரு ஜிபிகூட இருக்காது. உங்கள் 200 ஜிபி வேறொரு பார்ட்டிஷனில் இருக்கிறது, இதற்கு உதவாது. 'டிஎஃப் -எச் /பூட்' அடித்தால் உண்மை நிலவரம் தெரியும்.

அப்புறம் /பூட்டுக்குள் 'எல்எஸ் -எல்எச்' போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் நான்கு கோப்புகள் தெரியும். விஎம்லினஸ் என்பது கெர்னல். அதற்கு 15 எம்பி அளவு போதும். சிஸ்டம்.மேப், கான்ஃபிக் இரண்டும் அதைவிடச் சிறியவை. இடத்தைத் தின்பது இனிட்ஆர்டி, அதாவது முன்பு சொன்ன இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு. கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர்கள் சேரச் சேர அது 100 எம்பியைத் தாண்டுவது இப்போதெல்லாம் சாதாரணம். இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்றும் இருக்கிறது. இனிட்ஆர்டியைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. பெயரின் கடைசியில் '.நியூ' என்று ஒட்டிய புதுக் கோப்பை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பெயரை மாற்றும். நடுவில் மின்சாரம் போனாலும் பழையது பிழைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தச் சில விநாடிகளுக்கு இரண்டு கோப்புக்கான இடம் வேண்டும். 'இன்னும் 60 எம்பி காலி இருக்கிறதே' என்று நினைக்கும் இடத்தில் அப்டேட் முறிவது இதனால்தான்.

ஆட்டோரிமூவ் ஏன் உதவவில்லை? பாதியில் நின்ற பேக்கேஜ் ஒன்று இருக்கிறது. ஆப்ட் அதை முதலில் முடிக்கப் பார்க்கிறது. அதற்கு இனிட்ஆர்டி தயாரிக்க வேண்டும். இடம் இல்லை, நின்றுவிடுகிறது. அழிக்கும் வேலைக்கு முறையே வருவதில்லை. ஆகவே ஆப்டைத் தாண்டி, அதற்குக் கீழே இருக்கும் டிபிகேஜியிடம் நேராகப் போக வேண்டும்.

'யூநேம் -ஆர்' அடித்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாளில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: 45, 47, 48 என்று கடைசி எண் மட்டும் மாறும் நீளமான பெயர்களில் கண் எளிதாக ஏமாறும். பிறகு 'டிபிகேஜி -எல்' போட்டு லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்குபவற்றைப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் 'ஐஐ' இருந்தால் நிறுவப்பட்டது. 'ஆர்சி' இருந்தால் ஏற்கெனவே போய்விட்டது, உள்ளமைவுக் கோப்பு மட்டும் மிச்சம். 'ஐஐ' வரிகளில் எண்ணில் மிகப் பழையதாகவும், ஓடிக்கொண்டிருப்பது அல்லாததாகவும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'டிபிகேஜி --பர்ஜ்' போடுங்கள். அதே எண்ணுள்ள மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜ் தடுத்தால் அதன் பெயரையும் அதே கட்டளையில் சேர்த்துக் கொடுங்கள். டிரைவர் கட்டுவதற்கு வேண்டிய ஹெடர்ஸ் பேக்கேஜ்களை நீக்கிப் பயனில்லை, அவை /பூட்டிலேயே இல்லை. ஒரு கெர்னல் போனாலே மூச்சுவிட இடம் கிடைத்துவிடும். அதன்பின் 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' பாதியில் நின்றதை முடிக்கும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' மற்றப் பழையவற்றை எடுத்துவிடும். ஓடிக்கொண்டிருப்பதையும் புதியதையும் அது தொடாது.

இப்போது நண்பர் சொன்ன 'ஆர்எம்'. கோப்பை அழித்தால் இடம் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் டிபிகேஜியின் கணக்கில் அந்த கெர்னல் இன்னும் இருக்கிறது. அதன் மாட்யூல்கள் நூற்றுக்கணக்கான எம்பியோடு /லிப்/மாட்யூல்ஸில் அப்படியே கிடக்கும். கிரப் மெனுவில் ஆள் இல்லாத ஒரு வரி நிற்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு இல்லை என்று திட்டும். கணக்கு ஒன்று, கையிருப்பு ஒன்று என்றாகிவிட்டால் அடுத்தடுத்த அப்டேட்கள் எல்லாம் சிக்கலாகும். ஒரே ஒரு விலக்கு உண்டு: முறிந்த அப்டேட் விட்டுப்போன '.நியூ' கோப்புகள். அவை எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை, அழிக்கலாம்.

சரி, பழையவை இப்படிச் சேர்ந்ததே எதனால்? ஒரு காலத்தில் முழுப் பெயரைக் கொடுத்துக் கையால் நிறுவிய கெர்னல்களாக இருக்கலாம். அப்படி நிறுவியதை ஆப்ட் 'இவர் வேண்டுமென்றே கேட்டது' என்று குறித்துக்கொள்ளும், ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' பட்டியலில் எண்ணோடு கூடிய லினக்ஸ்-இமேஜ் இருந்தால் 'ஆப்ட்-மார்க் ஆட்டோ' போட்டு மாற்றிவிடுங்கள்.

அப்படியும் இடம் போதவில்லை என்றால் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் உள்ளமைவில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்பதை 'டெப்' என்று மாற்றலாம். உங்கள் கணினிக்கு வேண்டியதை மட்டும் அது இனிட்ஆர்டியில் சேர்க்கும், கோப்பு நன்றாகவே இளைக்கும். ஆனால் அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் துவங்காமல் போகலாம். அதனால் எனக்கு அது கடைசி வழிதான்.

கேள்வி: ஃபெடோராவில் மூன்று கெர்னல்கள் மெனுவில் தெரிகின்றன. புதிதாக வந்ததில் திரை கறுப்பாகவே நிற்கிறது. முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரி. அடுத்த அப்டேட்டில் இந்த நல்ல கெர்னலும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததும் இதுவே. எது நல்ல கெர்னல் என்று பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. எது புதியது, எது இப்போது ஓடுகிறது, இந்த இரண்டு மட்டுமே அதற்குத் தெரியும்.

ஃபெடோராவின் பேக்கேஜ் மேனேஜரான டிஎன்எஃப் மற்றப் பேக்கேஜ்களை மாற்றி எழுதும். கெர்னலை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுவும். 'இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்' என்ற வரம்பு இயல்பாக 3. நான்காவது வரும்போது மிகப் பழையது வெளியேறும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை மட்டும் அது வெளியேற்றாது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது எளிது: எப்போதும் நல்ல கெர்னலில் இருந்துகொண்டே 'டிஎன்எஃப் அப்கிரேட்' போடுங்கள். புதியதில் நுழைந்து, கறுப்புத் திரைக்குப் பின்னால் டெக்ஸ்ட் கன்சோலைப் பிடித்து, அங்கிருந்து அப்டேட் செய்தால் காவல் அந்தக் கெட்ட கெர்னலுக்குப் போய்விடும். நல்லது வரிசையில் பழையதாக நின்று வெளியேறிவிடும்.

ஒவ்வொரு முறையும் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டாம். 'கிரபி --செட்-டிஃபால்ட்' என்று போட்டு நல்ல விஎம்லினஸ் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். புது கெர்னல் நிறுவப்படும்போது இந்தத் தேர்வு மாறக்கூடும், எனவே அப்டேட்டுக்குப் பிறகு 'கிரபி --டிஃபால்ட்-கெர்னல்' போட்டு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். /பூட்டில் இடமிருந்தால் டிஎன்எஃப் உள்ளமைவில் வரம்பை 4 அல்லது 5 ஆக்கலாம். இரண்டாகக் குறைக்கலாம், 1 என்று வைக்க அனுமதியே இல்லை. புதுச் சாவி கைக்கு வந்தவுடன் பழையதைத் தூக்கிப் போடுவோமா? பூட்டு திறக்கிறதா என்று பார்த்த பிறகுதானே.

ஓப்பன்சூசே இதை எழுதியிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் பேக்கேஜ் மேனேஜர் நூலகமான ஜிப்பின் (zypp) உள்ளமைவில் 'லேட்டஸ்ட், லேட்டஸ்ட்-1, ரன்னிங்' என்று ஒரே வரி. புதியது, அதற்கு முந்தையது, ஓடுவது. படித்தவுடனே புரிகிறது.

கறுப்புத் திரைக்கு வருவோம். நல்ல கெர்னலில் துவங்கியதும் 'ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே' அடித்தால் அதற்கு முந்தைய துவக்கத்தில் கெர்னல் என்ன சொன்னது என்பது கிடைக்கும். ஃபெடோராவின் பக்ஸில்லாவில் புகார் எழுதும்போது அதைச் சேர்த்து, எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது, எதிலிருந்து கெட்டது என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள். திருத்துகிறவர்களுக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த இரண்டு எண்கள்தான்.

கேள்வி: அண்ணா, கெர்னலை 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டு நிறுத்திவிட்டேன். ரொம்ப நாளாக எந்தத் தொல்லையும் இல்லை. ஓடுவதை எதற்குத் தொட வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் பக்கத்துக்கும் ஒரு வலுவான சாட்சி இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாக இருந்தது. அதில் வரவிருந்த 6.1.64 கெர்னலில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவையே கெடுக்கக்கூடிய பிழை இருப்பது கடைசி நேரத்தில் தெரிந்தது. ஒரு திருத்தத்தைப் பழைய வரிசைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டிய இன்னொரு மாற்றம் விடுபட்டுப் போயிருந்தது. டெபியன்காரர்கள் டிசம்பர் 9 அன்று வெளியீட்டை நிறுத்தினார்கள், மறுநாளே 6.1.66 கெர்னலோடு 12.4 வந்தது. ஸ்டேபிள் என்று பெயர் பெற்ற வரிசையிலும் இப்படி நடக்கும்.

இப்போது மறுபக்கம். 2022 மார்ச் 7 அன்று 'டர்ட்டி பைப்' என்ற ஓட்டை வெளியே சொல்லப்பட்டது. எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத சாதாரண யூசர், படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் தன் இஷ்டத்துக்கு எழுத முடிந்தது. அதாவது கணினியே அவர் கைக்குப் போய்விடும். 5.8 கெர்னலிலிருந்து இருந்த ஓட்டை அது. செய்தி வெளியாவதற்கு முன்பே, பிப்ரவரியில், 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகளில் அடைக்கப்பட்டிருந்தது. ஒழுங்காக அப்டேட் செய்துகொண்டிருந்தவர்களில் பலர் செய்தியைப் படிக்கும்போதே பாதுகாப்பாக இருந்தார்கள். ஹோல்ட் போட்டவர்கள் இல்லை.

இரண்டையும் எடை போட்டால் என் முடிவு இது: கெட்ட கெர்னலிலிருந்து தப்பிக்க மெனுவில் பழையது காத்திருக்கிறது, ஓட்டையிலிருந்து தப்பிக்க அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ட்4 போலத் தரவைத் தொடும் பிழைக்கு மெனு போதாது, உண்மை. அதற்கு பேக்கப்தான் மருந்து. ஹோல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேக்கப் வேண்டும். மற்றவர்கள் வேலை பார்க்கும் கணினிகளில் புது கெர்னலை வந்த அன்றே நான் போடுவதில்லை. முதலில் என் மடிக்கணினியில் போட்டு, ஓரிரு நாள் பார்த்துவிட்டுத்தான் அங்கே போகும். ஹோல்டும் போடுவேன், ஆனால் குறிப்பிட்ட ஒரு பிழைக்காக மட்டும். திருத்தம் வந்த அன்றே அதை எடுத்துவிடுவேன். ஏன் போட்டோம் என்று எழுதி வைக்காத ஹோல்டை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்களுடையதை இன்றே 'அன்ஹோல்ட்' செய்யுங்கள்.

கேள்வி: ஆர்ச் லினக்ஸில் 'பேக்மேன் -எஸ்ஒய்யு' போட்ட பிறகு பென் டிரைவ் மவுண்ட் ஆகவில்லை. 'அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபேட்' என்கிறது. பென் டிரைவ் போய்விட்டதா?

பதில்: பென் டிரைவ் நன்றாக இருக்கிறது. ரீபூட் செய்யுங்கள், வந்துவிடும்.

ஆர்ச்சில் கெர்னல் பேக்கேஜின் பெயர் வெறும் 'லினக்ஸ்'. எண் பெயரில் இல்லாததால் பக்கத்தில் நிறுவ வழியில்லை. புதியது பழையதை மாற்றிவிடுகிறது. பழைய கெர்னலின் மாட்யூல் ஃபோல்டரும் அதோடு போய்விடும். ஆனால் நினைவகத்தில் ஓடுவது அந்தப் பழைய கெர்னல். விஃபேட் (பென் டிரைவ்களில் வழக்கமான கோப்பு முறைமை) மாட்யூல் வேண்டும் என்று அது தேடிப் போகும்போது ஃபோல்டரே இல்லை. ஏற்கெனவே ஏற்றிவைத்த மாட்யூல்கள் எல்லாம் வேலை செய்யும், புதிதாகத் தேவைப்படுவது மட்டும் கிடைக்காது. அப்டேட்டுக்கு முன் அதே பென் டிரைவைச் செருகியிருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது.

இதைவிட முக்கியமானது, உங்களிடம் திரும்பிப் போகப் பழைய கெர்னல் இல்லை என்பது. நீண்டகால ஆதரவுள்ள கெர்னலான 'லினக்ஸ்-எல்டிஎஸ்' பேக்கேஜையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள். கிரப் என்றால் 'கிரப்-எம்கேகான்ஃபிக்' ஓட்டி மெனுவில் அது வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு முறை அதில் துவக்கியும் பாருங்கள். அவசரத்தில் முதல்முறையாகச் சோதிப்பது நல்லதல்ல. /வார்/கேச்/பேக்மேன் உள்ளே இறங்கிய பழைய பேக்கேஜ்கள் இருக்கும். 'பேக்மேன் -யூ' போட்டு அங்கிருந்தும் பின்னோக்கிப் போகலாம். அதனால் அந்த கேச்சை மொத்தமாகத் துடைக்காதீர்கள். /பூட் தனிப் பார்ட்டிஷன் என்றால் அப்டேட்டுக்கு முன் அது மவுண்ட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மாட்யூல்கள் புதியதாகவும் துவங்கும் கெர்னல் பழையதாகவும் ஆகி, ரீபூட் செய்தாலும் தீராத அதே நிலைமை வரும்.

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரில் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9. கெர்னல் 5.14 என்று காட்டுகிறது. உலகம் 6-இல் இருக்கும்போது இது ஆபத்தில்லையா?

பதில்: எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ரெட் ஹாட் 5.14-ஐ அடித்தளமாக வைத்துக்கொண்டு, புதிய கெர்னல்களில் வரும் திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுவந்து அதிலேயே சேர்க்கிறது. மாறுவது 5.14.0-வுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட எண். 'ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக் கெர்னல்' போட்டுப் பாருங்கள், அடைக்கப்பட்ட ஓட்டைகளின் சிவிஇ எண்கள் வரிசையாக வரும். பயப்பட வேண்டியது, அந்தப் பின் எண் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தால்தான்.

கேள்வி: ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் என்விடியா டிரைவர் வேலை செய்வதில்லை. செக்யூர் பூட் ஆனில் இருக்கிறது. அதை அணைத்துவிடுவதுதான் வழியா?

பதில்: அணைக்காமலேயே தீர்க்கலாம். கெர்னலோடு வராத டிரைவரை ஒவ்வொரு புது கெர்னலுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும். டெபியன், உபுண்டுவில் டிகேஎம்எஸ் இதைத் தானாகச் செய்கிறது. அதற்கு அந்த கெர்னலின் ஹெடர்ஸ் வேண்டும். பெரும்பாலான புகார்களில் நான் காண்பது, ஹெடர்ஸை எண்ணோடு ஒரு முறை நிறுவிவிட்டு மெட்டா பேக்கேஜை விட்டுவிட்டது. உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக், டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 இருக்க வேண்டும். ரீபூட்டுக்கு முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்து, புது கெர்னலின் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாமல் ரீபூட் செய்யாதீர்கள். ஃபெடோராவில் ஏக்மாட்ஸ் பின்னணியில் கட்டும். அப்டேட் முடிந்ததும் அவசரப்படாமல் சில நிமிடம் பொறுங்கள்.

செக்யூர் பூட் என்பது நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து உள்ளதை மட்டும் ஓட விடும் காவல்; அது கேட்பது அந்தக் கையெழுத்து. 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் கையெழுத்திட்ட சாவியை உங்கள் கணினிக்குத் தெரியாது. 'மோக்யுடில் --இம்போர்ட்' போட்டு அந்தச் சாவியைக் கொடுத்து ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். அடுத்த துவக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து 10 விநாடி எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையைப் பிழை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது தானே நகர்ந்து துவங்கிவிடும், சாவி மட்டும் சேராது. ஒரு முறை சேர்த்துவிட்டால் பிறகு வரும் கெர்னல்களுக்கும் அதே சாவி போதும்.

உபுண்டுவில் இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா என்று தொடங்கும், ஏற்கெனவே கட்டிக் கையெழுத்திட்ட பேக்கேஜ்களை நிறுவிக்கொண்டால் உங்கள் கணினியில் எதையும் கட்ட வேண்டியதில்லை. அது இருக்கும்போது டிகேஎம்எஸ் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

கேள்வி: அப்பா அம்மாவின் கணினியில் உபுண்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் வெளியூரில். அவர்களுக்கு டெர்மினல் தெரியாது. கெர்னல் அப்டேட்டைத் தானாக நடக்க விடலாமா?

பதில்: தாராளமாக விடலாம். அன்அட்டென்டெட்-அப்கிரேட்ஸ் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே நிறுவும். அதன் உள்ளமைவில் 'ரிமூவ்-அன்யூஸ்டு-கெர்னல்-பேக்கேஜஸ்' இயல்பாகவே ஆனில் இருக்கிறது, எனவே பழையவை சேர்ந்து /பூட் நிரம்பும் கவலையும் இல்லை. 'ஆட்டோமேட்டிக்-ரீபூட்' இயல்பாக ஆஃபில் இருக்கும். அதை அப்படியே விடுங்கள். அவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி தானாக அணைந்தால் மிரண்டுபோவார்கள். அதற்குப் பதில் இரவில் மூடியைச் சாத்தாமல் 'ஷட் டவுன்' கொடுக்கச் சொல்லுங்கள். காலையில் போடும்போது புது கெர்னல் வந்திருக்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். கிரப் உள்ளமைவில் மெனு மறைந்திருக்கும். 'கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்' என்பதை 'மெனு' என்றும், 'கிரப்_டைம்அவுட்'டை 5 என்றும் மாற்றி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வரி வரை கீழ் அம்புக்குறியால் இறங்கி என்டர் தட்டுவதையும், உள்ளே ரெக்கவரி என்று எழுதாத வரிகளில் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதையும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள். என்றாவது புது கெர்னல் மக்கர் செய்தால், தொலைபேசியில் நீங்கள் சொல்ல வேண்டியது அந்த இரண்டு வரிதான்.